வி.ஏ. மருத்துவமனையில் முதல்நிலை மருத்துவர் குழுவுக்குத் தலைமையேற்பவர் எதைக் காக்க வேண்டும்?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்காக மத்திய அரசு நடத்தும் மருத்துவமனைகளை அங்குள்ள எல்லோரும் சுருக்கமாக வி.ஏ. என்றே அழைப்பார்கள். அத்தகைய மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகளாகப் பொது மருத்துவராக இருக்கும் தமிழர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பத்துப் பன்னிரண்டு மருத்துவர்கள் உள்ள முதல்நிலை மருத்துவப் பிரிவுக்கு (நோயாளி முதலில் அணுகும், அவரைத் தொடர்ந்து கவனிக்கும் பொது மருத்துவப் பிரிவு) தலைமையேற்கச் சொல்லி அவரை அழைத்திருக்கிறார்கள், இந்தப் பொறுப்பில் உண்மையில் என்ன வேலை இருக்கிறது, எதில் முதலில் கைவைக்க வேண்டும், எதைத் தொடாமல் விடலாம்? இதே பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொறுப்பில் உங்கள் மேசைக்கு வரும் காகிதங்களில் பெரும்பாலானவை காத்திருப்பு நாட்கள், கணினி நினைவூட்டும் பரிசோதனைகளை முடித்த சதவீதங்கள், ஆள் பற்றாக்குறை, புகார்கள் என்று தனித்தனிப் பெயர்களில் வரும். அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த முன்னாள் படைவீரருக்கு இவர்தான் மருத்துவர் என்று சொல்லத்தக்க ஒருவர் இருக்கிறாரா, அவர் இல்லாத நாளில் அந்த இடத்தில் யார் நிற்கிறார்? இந்த உறவு அறுபடாமல் பார்த்துக்கொள்வதே தலைவரின் வேலை. அது சரியாக இருந்தால் மற்ற எண்கள் மெதுவாகவேனும் சரியாகும். அது அறுந்துவிட்டால், எந்த எண்ணைச் சரிசெய்தாலும் அது தாளில் மட்டுமே சரியாகும்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. வி.ஏ. நெடுங்காலம் படுக்கைகளை மையமாகக் கொண்ட மருத்துவமனை அமைப்பாகவே இருந்தது. 1994 முதல் 1999 வரை அதன் மருத்துவச் சேவைக்குத் தலைமை வகித்த கென்னத் கைசர்தான் அதை 22 வட்டார வலையமைப்புகளாகப் பிரித்து, படுக்கைகளைக் குறைத்து, புறநோயாளிப் பிரிவையும் முதல்நிலை மருத்துவத்தையும் மையத்துக்குக் கொண்டுவந்தார். (பின்னர் நடந்த இணைப்புகளால் அந்த வலையமைப்புகள் 18 ஆகக் குறைந்தன.) ஒவ்வொரு முன்னாள் படைவீரருக்கும் பெயர் சொல்லத்தக்க ஒரு மருத்துவர் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. 2010-இல் அதைப் 'பேக்ட்' என்ற குழு முறையாக விரிவாக்கினார்கள். ஒரு மருத்துவர், ஒரு பதிவுபெற்ற செவிலியர், ஓர் உதவிச் செவிலியர், ஓர் எழுத்தர் ஆகிய நால்வர் கொண்ட சிறு குழுவை 'டீம்லெட்' என்பார்கள். அதைச் சுற்றி மருந்தாளுநர், சமூகப் பணியாளர், உணவியல் வல்லுநர், மனநலப் பணியாளர் ஆகியோர் பல டீம்லெட்டுகளுக்குப் பொதுவாக இருப்பார்கள். முழுநேர மருத்துவர் ஒருவரின் 'பேனல்', அதாவது அவர் பொறுப்பில் இருக்கும் முன்னாள் படைவீரர்களின் பட்டியல், ஏறத்தாழ 1,200 பேர். மருத்துவராக இல்லாமலே மருத்துவரைப் போல நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர், ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் ஆகியோருக்கு அதில் முக்கால் பங்கு, 900. இந்த அடிப்படை எண் உதவிப் பணியாளர் எண்ணிக்கைக்கும், அறை வசதிக்கும், நோயாளிகளின் நோய்ச் சிக்கலுக்கும் ஏற்பக் கூடும், குறையும். ஒரு மருத்துவருக்கு மூன்று உதவிப் பணியாளர்கள் இருந்தால்தான் 1,200 என்ற எண்ணுக்கே பொருள் உண்டு என்பதை நீங்கள் ஒருபோதும் மறக்கக் கூடாது, மற்றவர்கள் மறந்துவிடுவார்கள்.

இங்கேதான் புதிதாகத் தலைமையேற்பவர் திகைத்துப்போகும் இடம் வருகிறது. நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் துறைத் தலைவர் காலையில் ரவுண்ட்ஸ் வந்தால் செவிலியர் முதல் வார்டு ஊழியர் வரை அவர் சொல்லுக்குக் காத்திருப்பார்கள். வி.ஏ.யில் பெரும்பாலான இடங்களில் உங்களுக்கு நேரடியாகக் கீழே இருப்பவர்கள் மருத்துவர்கள் மட்டும்தான். செவிலியர்கள் செவிலியர் துறைக்குப் பதில் சொல்பவர்கள், எழுத்தர்கள் நிர்வாகத் துறைக்கு, மருந்தாளுநர் மருந்தகத்துக்கு, சமூகப் பணியாளர் வேறொரு துறைக்கு. ஒரே அறையில், ஒரே நோயாளிக்காக உழைக்கும் நால்வருக்கும் மூன்று வெவ்வேறு மேலதிகாரிகள், மூன்று விடுப்புப் பட்டியல்கள், மூன்று விதமான ஆண்டு மதிப்பீடுகள். எழுத்தர் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றினால், அந்தச் செய்தி சம்பந்தப்பட்ட மருத்துவருக்குத் திங்கட்கிழமை காலையில் காலி நாற்காலியைப் பார்த்த பிறகுதான் தெரியவரும். இந்த அமைப்பை நீங்கள் மாற்ற முடியாது. ஆகவே செவிலியர் மேலாளரையும் எழுத்தர் மேற்பார்வையாளரையும் வாரம் ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்காரவைத்து, அடுத்த இரண்டு வாரங்களுக்கு யார் விடுப்பில், எந்த டீம்லெட்டில் ஓட்டை, யார் அதை அடைப்பது என்று பெயர் சொல்லி முடிவுசெய்யுங்கள். அதிகாரம் இல்லாத இடத்தில் ஒழுங்கான பழக்கம்தான் அதிகாரத்தின் வேலையைச் செய்யும். இந்தக் கூட்டத்தை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு முறை தள்ளிப்போட்டால் மூன்றாம் முறை யாரும் வரமாட்டார்கள்.

காலை நேரக் குறுங்கூட்டத்தை, அதாவது 'ஹடில்' என்பதை, எல்லா இடங்களிலும் நடத்துவதாகச் சொல்வார்கள். ஒன்றுக்கு நேரில் போய் நில்லுங்கள். நன்றாக நடக்கும் இடத்தில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்கு வருபவர் மூன்று நாட்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர், அங்கிருந்து டிஸ்சார்ஜ் சுருக்கம் வந்துவிட்டதா என்று செவிலியர் கேட்பார். பத்தரைக்கு வருபவருக்குக் காது கேட்காது, தொலைபேசியில் மாற்றினால் பயனில்லை, நேரில்தான் வரவேண்டும் என்று எழுத்தர் சொல்வார். இரத்த அழுத்தம் மட்டும் பார்க்க வேண்டிய இருவரைச் செவிலியரிடமே வைத்துக்கொள்ளலாம், அந்த இடத்தில் நேற்று நெஞ்சுவலி என்று அழைத்தவரைப் பார்க்கலாம் என்று மருத்துவர் முடிவெடுப்பார். சரியாக நடக்காத இடத்தில் மருத்துவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பார், செவிலியர் அச்சிட்ட பட்டியலை வாசிப்பார், எழுத்தர் வரவே மாட்டார். இந்த வேறுபாட்டை எந்த அறிக்கையும் உங்களுக்குக் காட்டாது. எழுத்தர் வாய்திறந்து பேசும் ஹடில்தான் உயிருள்ள ஹடில் என்பது என் அளவுகோல், ஏனெனில் நோயாளியின் குரலை அந்தக் குழுவில் முதலில் கேட்பவர் அவரே.

இனி, மருத்துவர்கள் ஏன் சோர்ந்து விலகுகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நோயாளிகளைப் பார்ப்பதால் யாரும் சோர்வதில்லை. சோர்வைத் தருவது 'அலர்ட்' குவியல். வி.ஏ.யின் பெரும்பாலான மருத்துவமனைகள் இன்னும் சி.பி.ஆர்.எஸ். என்ற பழைய மின்னணுப் பதிவேட்டையே பயன்படுத்துகின்றன. 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் தொடங்கிய புதிய பதிவேடு சில இடங்களுக்கே போயிருக்கிறது. சி.பி.ஆர்.எஸ்.-ஐத் திறந்தவுடன் ஆய்வக முடிவு, எக்ஸ்ரே அறிக்கை, கையெழுத்துக்குக் காத்திருக்கும் குறிப்பு, மருந்துப் புதுப்பிப்பு, வேறு துறையின் பதில், நோயாளி அனுப்பிய பாதுகாப்பான செய்தி என்று எல்லாம் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கும். பொட்டாசியம் 6.1 என்ற ஆபத்தான முடிவும், இயன்முறை மருத்துவர் 'தகவலுக்காக' என்று சேர்த்த குறிப்பும் அந்தப் பட்டியலில் ஏறக்குறைய ஒரே எழுத்தில், ஒரே வரியில் தெரியும். நடவடிக்கை தேவைப்படும் சோதனை முடிவை ஏழு நாட்களுக்குள்ளும், தேவைப்படாததைப் பதினான்கு நாட்களுக்குள்ளும் நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது வி.ஏ.யின் விதி. நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிய அட்டவணையில் இந்த வேலைக்கென்று பெரும்பாலும் நேரமே இருக்காது. ஆகவே அது மாலையில் வீட்டுக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும், பிறகு ஒருநாள் ராஜினாமாக் கடிதமாக உங்கள் மேசைக்குத் திரும்பி வரும்.

இதில் தலைவர் செய்யக்கூடியவை உண்டு, அவை சிறியவையாகத் தோன்றினாலும். கட்டாயமில்லாத அலர்ட்களை அணைக்கும் வசதி சி.பி.ஆர்.எஸ்.-இலேயே இருக்கிறது, மருத்துவர்களில் பலர் அதைத் தொட்டதே இல்லை. தகவலியல் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்துவந்து ஒவ்வொரு மருத்துவரின் அருகிலும் அரை மணிநேரம் உட்காரவையுங்கள். மற்ற துறையினர் முதல்நிலை மருத்துவரைக் குறிப்புகளில் கூடுதல் கையெழுத்தாளராகச் சேர்ப்பதற்கு ஒரு வரைமுறையை மருத்துவப் பணியாளர் தலைவர் (மருத்துவமனையின் மருத்துவர்கள் அனைவருக்கும் மேலதிகாரி) வழியாகக் கொண்டுவாருங்கள். ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் சேர்க்கட்டும், இல்லையென்றால் வேண்டாம். மருந்துப் புதுப்பிப்புகளில் ஒரு பகுதியை, வகுத்துக்கொடுத்த நெறிமுறையின்படி, செவிலியரும் மருந்தாளுநரும் கையாளலாம். வி.ஏ.யின் மருத்துவ மருந்தாளுநர்களுக்குத் தங்கள் பணி வரம்புக்குள் மருந்து எழுதும் உரிமையே உண்டு. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றில் அளவு கூட்டிக் குறைக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைக்கும் மருத்துவருக்கும், எல்லாவற்றையும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் மருத்துவருக்கும் வாரக் கடைசியில் முகத்திலேயே வேறுபாடு தெரியும். ஒப்படைக்கத் தயங்குபவர்கள் பெரும்பாலும் மிக நல்ல மருத்துவர்கள். அவர்களிடம் உத்தரவு பலிக்காது. நம்பிக்கை வரும்வரை இரண்டு மூன்று நோயாளிகளை மட்டும் பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

விடுப்பில் போகும் மருத்துவரின் அலர்ட்கள் யாருக்குப் போகின்றன என்பதை அட்டவணைக்கு முன்பே பாருங்கள். பதிவேட்டில் மாற்று மருத்துவரை நாள் குறித்து அமைக்கும் வசதி உண்டு. அமைக்காமல் விமானம் ஏறிவிடுபவர்களும் உண்டு. விடுப்புக்கு ஒப்புதல் தரும்போதே மாற்று மருத்துவரின் பெயர் அதில் இருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை உறுதியாகப் பிடித்துக்கொண்டால், நோயாளிப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும் பல சம்பவங்கள் நேராமலே போய்விடும். வேலையை விட்டுப் போகும் மருத்துவரின் விஷயத்தில் இது இன்னும் கடுமையானது. அவர் போன பிறகும் அவர் எழுதிக்கொடுத்த சோதனைகளின் முடிவுகள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும், ஆறு மாதம் கழித்து எடுக்கச் சொன்ன நுரையீரல் முடிச்சுக்கான சி.டி. ஸ்கேன் உட்பட. போகிறவரிடம் கடைசி இரண்டு வாரங்களில் புதிய நோயாளிகளைக் கொடுக்காமல், நிலுவையில் உள்ளவற்றைப் பட்டியலாக எழுதி வாங்குங்கள். யாருக்கு எந்தச் சோதனை பாக்கி, யாரிடம் எந்தச் செய்தி இன்னும் சொல்லப்படவில்லை, யாரைத் தவறாமல் அழைக்க வேண்டும் என்று அவர் மனத்தில் இருப்பது எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக இருக்காது.

காலியிடம் ஏற்படும்போது அந்த 1,200 பேர் எங்கே போகிறார்கள்? எளிய வழி, மீதமுள்ள மருத்துவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் ஓராண்டுக்குள் இன்னொருவர் போவார். தற்காலிகமாகத் தொலைமருத்துவம் வழியே கைகொடுக்க வட்டார வலையமைப்புகளில் மருத்துவர் மையங்கள் இருக்கின்றன. காலியிடம் உறுதியானவுடனே கேட்டுவிடுங்கள், நெருக்கடி முற்றும்வரை காத்திருக்காதீர்கள். அதற்குள், மருத்துவர் இல்லாத பேனலிலும் செவிலியரும் எழுத்தரும் மாறாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் போய்விட்டார், ஆனால் தொலைபேசியை எடுப்பது அதே செவிலியர்தான் என்றால், முன்னாள் படைவீரர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார். நால்வரும் ஒரே நேரத்தில் மாறினால் அவரைப் பொறுத்தவரை மருத்துவமனையே மாறிவிட்டது.

இந்தக் கைமாற்றத்தில் மிக ஆபத்தான இடம் ஓபியாய்டு வலிமருந்து. 2013-இல் வி.ஏ. தொடங்கிய ஓபியாய்டு பாதுகாப்பு முயற்சியால் இந்த மருந்துகளை எழுதுவது வெகுவாகக் குறைந்தது. அது தேவையான மாற்றமே. ஆனால், முதுகெலும்பு நொறுங்கி இருபது ஆண்டுகளாக மார்ஃபின் எடுத்துவரும் ஒருவர் புதிய மருத்துவரின் பேனலுக்கு வரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதியவருக்கு அந்த அளவு அச்சம் தருகிறது, முதல் சந்திப்பிலேயே நிறுத்திவிட நினைக்கிறார். திடீரென்று நிறுத்துவதன் தீங்குகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரித்தது, வி.ஏ. நோயாளிகளை வைத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வும், மருந்து நிறுத்தப்பட்ட பின் அளவுமீறிய மருந்தாலும் தற்கொலையாலும் மரணம் நேரும் அபாயம் கூடுவதைக் காட்டியது. ஆகவே உங்கள் பிரிவில் ஓர் எழுதப்பட்ட நடைமுறை இருக்கட்டும்: கைமாறும் ஓபியாய்டு நோயாளிகளின் பட்டியலை முன்கூட்டியே எடுத்து, வலி மருத்துவரும் மருந்தாளுநரும் பார்த்து, ஓபியாய்டு அளவுமீறினால் அதை முறிக்கும் நாலாக்சோன் நோயாளியின் கையில் இருப்பதை உறுதிசெய்து, முதல் சந்திப்புக்கு முழு நேரம் ஒதுக்கி, அந்தச் சந்திப்பில் அளவை மாற்றுவதில்லை என்று முடிவுசெய்யுங்கள். குறைப்பது பற்றிய பேச்சு இரண்டாம் சந்திப்பில் தொடங்கட்டும், நோயாளியின் சம்மதத்தோடு, மாதங்கள் எடுத்துக்கொண்டு. இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தாலே உங்கள் மருத்துவர்கள் உங்களை நம்பத் தொடங்குவார்கள். ஏனெனில் கோபத்தோடு வரும் நோயாளியின் முன் தனியாக விடப்பட்ட அனுபவம் அவர்களில் பலருக்கு இருக்கும்.

காத்திருப்பு நாட்களைப் பற்றிப் பேசாமல் வி.ஏ.யில் எந்தத் தலைவரும் ஒரு வாரம் கழிக்க முடியாது. 2014-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் மருத்துவமனையில் அதிகாரபூர்வமற்ற காத்திருப்புப் பட்டியல்கள் இருந்தது வெளியே வந்தது. பதினான்கு நாட்களுக்குள் பார்க்க வேண்டும் என்ற இலக்கு அதிகாரிகளின் மதிப்பீட்டோடு பிணைக்கப்பட்டிருந்ததால், நாடு முழுவதும் பல இடங்களில் தேதிகள் திருத்தி எழுதப்பட்டிருந்தன. அந்த ஆண்டு மே 30 அன்று முன்னாள் படைவீரர் துறைச் செயலர் எரிக் ஷின்செக்கி பதவி விலகினார். அந்தக் கதையில் கெட்ட எண்ணம் படைத்த சிலர் மட்டும் இருந்ததாக எண்ண வேண்டாம். எட்ட முடியாத ஓர் எண்ணைக் கொடுத்து, எட்டவில்லையென்று சொல்ல முடியாத சூழ்நிலையையும் உருவாக்கினால், எழுத்தர் மேசையில் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. எனவே, காத்திருப்பு நாட்கள் கூடியிருப்பதாக உங்களிடம் சொல்ல வருபவரை உங்கள் முகம் தண்டிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கெட்ட எண்ணை நீங்களே மேலே கொண்டுபோய், அதன் காரணத்தோடு சொல்லுங்கள்: இரண்டு மருத்துவர் காலியிடம், ஓர் எழுத்தர் நீண்ட விடுப்பு, இந்த மாதம் இத்தனை புதிய பதிவுகள்.

அளவுகளில் எனக்குப் பயன்பட்டது, இனி வரும் மூன்றாவது காலி நேரம் எத்தனை நாள் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. முதல் காலி நேரம் யாரோ கடைசி நிமிடத்தில் ரத்துசெய்ததாக இருக்கலாம். மூன்றாவதுதான் உண்மை நிலையைக் காட்டும். அதோடு, நோயாளி எத்தனை முறை தம் சொந்த மருத்துவரையே பார்த்தார் என்ற எண்ணையும் வைத்துப் பாருங்கள். இரண்டும் எதிரெதிராக இழுக்கும். எந்த மருத்துவரிடமாவது அனுப்பிவிட்டால் முதல் எண் அழகாகும், இரண்டாவது கெடும். மேலிருந்து வரும் அழுத்தம் எப்போதும் முதல் எண்ணின் பக்கம்தான் இருக்கும். இரண்டாவது எண்ணுக்காகப் பேச அந்த அறையில் உங்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

2018-இல் இயற்றப்பட்டு 2019 ஜூன் 6 அன்று நடைமுறைக்கு வந்த மிஷன் சட்டத்தின்படி, முதல்நிலை மருத்துவத்துக்கு வி.ஏ.வை அடைய சராசரியாக 30 நிமிடத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியிருந்தாலோ, 20 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தாலோ, வெளியே உள்ள தனியார் மருத்துவரிடம் வி.ஏ. செலவில் போக முன்னாள் படைவீரருக்கு உரிமை உண்டு. அது அவருடைய உரிமை. அதைத் தடுக்கும் தொனி உங்கள் பிரிவில் யாரிடமும் இருக்கக் கூடாது. ஆனால் வெளியே போனவரின் சோதனை முடிவுகளும் மருந்துப் பட்டியலும் திரும்பி வந்தனவா என்று பார்ப்பதும், இரண்டு இடங்களிலும் ஒரே மருந்து எழுதப்படாமல் காப்பதும் உங்கள் குழுவின் வேலையாகவே இருக்கும், அதற்கு யாரும் நேரம் ஒதுக்கியிருக்காவிட்டாலும்.

இந்த நோயாளிகளின் தன்மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியிலிருந்து புதிதாகச் சேரும் மருத்துவருக்கு அதைக் கற்றுத்தருவது உங்கள் பொறுப்பு. எந்தக் காலத்தில், எங்கே, என்ன வேலை செய்தீர்கள் என்ற கேள்வி இங்கே மருத்துவ வரலாற்றின் பகுதி. வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற நச்சுக் களைக்கொல்லி தெளிக்கப்பட்ட பகுதியில் இருந்தவருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவும், இதயத் தமனி நோயும், பார்க்கின்சன் நோயும் படைப்பணியால் நேர்ந்தவை என்றே கொள்ளப்படும். 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான சட்டம் அந்தப் பட்டியலில் இரத்தக் கொதிப்பையும் சேர்த்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பை எரித்த குழிகளின் புகையால் வரும் நோய்களையும் கணக்கில் கொண்டது. இச்சட்டத்தின்படி ஒவ்வொருவரிடமும் குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நச்சு வெளிப்பாடு பற்றிக் கேட்க வேண்டும். அதை ஒரு சொடுக்கில் முடிக்கும் படிவமாகப் பார்க்கும் மருத்துவரும் உண்டு. எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர், இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு, தாம் கப்பலின் எந்திர அறையில் கல்நார் உறைகளைப் பிய்த்தெடுத்த நாட்களைப் பற்றி அரை மணிநேரம் பேசியதைக் கேட்டு, அன்றே நுரையீரல் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த மருத்துவரும் உண்டு. இரண்டாமவரைப் பிரிவுக் கூட்டத்தில் அந்த நிகழ்வைச் சொல்லவையுங்கள். சுற்றறிக்கையைவிட அது அதிகம் கற்பிக்கும்.

இழப்பீட்டுக்கான சான்றுக் கடிதங்கள் தொடர்ந்து உரசலைத் தரும். படைப்பணியால் நேர்ந்த ஊனத்தின் அளவை மதிப்பிட்டு இழப்பீடு வழங்குவது வேறொரு பிரிவின் வேலை, அதற்கான பரிசோதனையும் தனி. ஆயினும் முன்னாள் படைவீரர் தம்மை நன்கு அறிந்த மருத்துவரிடம் கேட்பது இயல்பு. எழுதக் கூடாது என்று சொல்லும் ஒரு மருத்துவரும், கேட்டதையெல்லாம் எழுதித் தரும் இன்னொருவரும் ஒரே தாழ்வாரத்தில் இருந்தால் புகார் தீராது. நோய், அதன் கடுமை, சிகிச்சை ஆகியவற்றைப் பதிவேட்டில் தெளிவாக எழுதுவது எல்லோருக்கும் கடமை என்றும், அதற்கு மேல் எது மருத்துவரின் விருப்பம் என்றும் பிரிவு முழுவதற்கும் ஒரே நிலைப்பாட்டை எழுதிவையுங்கள்.

தற்கொலைத் தடுப்பில் வி.ஏ. பல கருவிகளைத் தந்திருக்கிறது. தற்கொலை எண்ணம் உண்டா என்று ஆண்டுதோறும் கேட்கும் திரையிடல் கேள்விகள் உண்டு. 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் கிடைக்கும் நெருக்கடி உதவி உண்டு. பதிவேட்டுத் தரவுகளிலிருந்து மிக அதிக அபாயத்தில் உள்ளவர்களை அடையாளம் காட்டும் முறை 2017 முதல் இயங்குகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு ஒருவர் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்னால், அடுத்த ஒரு மணிநேரம் அவரோடு யார் இருப்பார்கள், எந்த அறையில், காத்திருக்கும் அடுத்த இரு நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்பது எழுதி, ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அது தெரியாத இடத்தில் மருத்துவர் அந்தக் கேள்வியை 'இல்லை' என்ற பதில் வரும்படியான குரலில் கேட்கத் தொடங்கிவிடுவார். நல்ல மருத்துவருக்கும் இது நேரும். முதல்நிலை மருத்துவப் பிரிவுக்குள்ளேயே அமரும் மனநலப் பணியாளர்களின் நேரத்தை எந்தப் பேரத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேறொரு கட்டடத்துக்கு, வேறொரு நாளில் வா என்று சொன்னால் வராத மனிதர், பக்கத்து அறைக்கு மருத்துவரே அழைத்துப்போனால் உட்கார்ந்து பேசுவார்.

மருத்துவர்களின் தொழில் மதிப்பீடு உங்கள் கையில் இருக்கும். அட்டவணைப்படி குறிப்புகளைத் தேர்ந்து பார்ப்பது வழக்கமான வேலை. நேர்மையாகச் செய்துவிட்டு நகருங்கள். ஒரு சம்பவத்தைச் சக மருத்துவர் ஆய்வுக்கு அனுப்பினால், அந்த ஆய்வு சட்டப்படி காக்கப்பட்ட இரகசியம், தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாதது என்பதைச் சம்பந்தப்பட்டவருக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் அந்தச் செய்தி வந்தால் அவர் அன்றிரவு தூங்கமாட்டார். நடத்தைப் புகார்களில் மட்டும் தாமதிக்காதீர்கள். செவிலியரிடம் குரலுயர்த்தும் மருத்துவரை அவர் திறமைக்காகப் பொறுத்துக்கொண்டால், அவரோடு பணியாற்ற யாரும் இல்லாத டீம்லெட் ஒன்று உங்களுக்கு மிஞ்சும்.

ஆள் எடுப்பது மெதுவான வேலை. மத்திய அரசு நியமனத்தில் தகுதிச் சரிபார்ப்பு, பாதுகாப்புச் சரிபார்ப்பு, சம்பளக் குழு என்று மாதங்கள் ஓடும். நல்ல விண்ணப்பதாரர் அதற்குள் வேறிடம் போய்விடுவார். அவரை வாரம் ஒருமுறை நீங்களே தொலைபேசியில் அழையுங்கள், மனிதவளத் துறையிடம் விட்டுவிடாதீர்கள். சம்பளத்தில் தனியாரோடு போட்டியிட முடியாத இடங்களில் வி.ஏ.யிடம் சொல்லத்தக்க வேறு வலிமைகள் உண்டு: எந்த ஒரு மாநில உரிமம் இருந்தாலும் போதும், சிகிச்சை தொடர்பான இழப்பீட்டு வழக்குகளை மத்திய அரசே எதிர்கொள்ளும், காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஜே-1 விசாவில் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சியை முடித்த வெளிநாட்டு மருத்துவருக்கு, தகுதியுள்ள குடிமக்கள் கிடைக்காத இடங்களில், நாடு திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்களிக்க வி.ஏ. தானே பரிந்துரை செய்ய முடியும். உங்களைப் போன்ற பலர் வந்த வழி அது. அப்படி வருபவரின் விசா கவலையை அவர் தலையில் மட்டும் சுமத்தாமல், தேதிகளை நீங்களும் குறித்துவைத்திருங்கள்.

கடைசியாக, உங்கள் சொந்தப் பேனல். தலைமையேற்றதும் நோயாளிகளை முழுவதும் விட்டுவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள். விடாதீர்கள், ஆனால் உண்மையாகவே சிறிதாக்குங்கள். வாரத்தில் இரண்டு அரைநாள், அதற்கேற்ற எண்ணிக்கையில் நோயாளிகள், உங்கள் கூட்டங்களின்போது அலர்ட்களைப் பார்க்க நிலையான ஒரு மாற்று மருத்துவர். இவை மூன்றையும் பொறுப்பேற்பதற்கு முன்பே மருத்துவப் பணியாளர் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொறுப்பேற்ற பிறகு கேட்டால் கிடைக்காது. பழைய பேனலில் மீதியைக் கைமாற்றும்போது, மற்றவர்களுக்கு நீங்கள் விதித்த அதே நடைமுறையைப் பின்பற்றி, நிலுவைப் பட்டியலை எழுதி, அதிகச் சிக்கலான நோயாளிகளைப் பற்றி, அவர்களை ஏற்கும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் மருத்துவர்கள் உங்களை முதலில் எடைபோடப்போவது அந்தக் கைமாற்றத்தை வைத்துத்தான்.